ஹோட்டல் ருசிக் கறிக்கு வீட்டில் எந்த பேஸ் கிரேவியை எடுத்து வைப்பது?

தமிழக–கேரள எல்லையில் உள்ள குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும், கூடலூர், கம்பம் பக்கம் வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டுச் சமையலையும் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். ஹோட்டல் மாதிரி கறி வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வெங்காயம் உரிப்பதிலிருந்து ஆரம்பிக்க முடியாது. மொத்தமாக ஒரு கிரேவியைச் செய்து ஃப்ரிட்ஜில் போட்டு வைக்கலாம் என்றால், எதைச் செய்து வைப்பது?

யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் வெங்காயம் தக்காளி என்பார், இன்னொருவர் முந்திரி என்பார், அப்புறம் லண்டனிலிருந்து ஒருவர் கேரட்டை வேகவைத்து அரைக்கச் சொல்வார். எல்லாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், அவரவர் அடுப்படிக்கு. நம் அடுப்படிக்கு எது என்று பார்ப்போம்.

ஹோட்டலில் நடப்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மத்தியானக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாஸ்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று பாத்திரங்கள் தயாராக இருக்கும்: பழுப்பு, வெள்ளை, சிவப்பு. சென்னா மசாலா கேட்டால் பழுப்பில் இரண்டு கரண்டி. வெஜ் குருமா என்றால் வெள்ளை. பனீர் பட்டர் மசாலா என்றால் சிவப்பில் ஒன்றரை, வெள்ளையில் அரை, மேலே கொஞ்சம் வெண்ணெய். ஐந்தாறு நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போய்விடும். ராத்திரி கடை சாத்தும்போது மூன்று பாத்திரமும் கிட்டத்தட்டக் காலி.

நம் வீட்டில் அப்படி ஆகாது. செய்கிற கிரேவி பத்து, பதினைந்து நாள் உள்ளே இருக்கப் போகிறது. ஹோட்டலுக்கு ருசி முதல் கேள்வி. நமக்கு, வைத்திருந்து எடுத்தாலும் ருசி நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. இதை மறந்துவிட்டு ஹோட்டல் செய்முறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவதால்தான் ஃப்ரீசரில் பாதி டப்பாக்கள் யாரும் தொடாமல் கிடக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை கறிக்கு ஒத்துப்போகும்? ஒரே கிரேவியிலிருந்து சென்னாவும் வரவேண்டும், கோழியும் வரவேண்டும், முட்டை ரோஸ்ட்டும் வரவேண்டும். எல்லைப்பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. பரோட்டாவுக்குத் தமிழ்நாட்டுச் சால்னா கேட்கிற நாக்கும் ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் கறி கேட்கிற நாக்கும் ஒரே வீட்டில் இருக்கும். விருந்தாளி வந்துவிட்டால் வடநாட்டு வகையும் சேர்ந்துகொள்ளும்.

வைத்தால் தாங்குமா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக் காற்றில் மலைப்பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஃப்ரீசரை நம்பி ஐந்து கிலோ செய்து வைப்பது இங்கே கொஞ்சம் சூதாட்டம்தான்.

அன்றைக்கு எவ்வளவு வேலை மிச்சம்? இரண்டு மணி நேரம் செலவழித்துச் செய்து வைத்தும், கறி வைக்கிற அன்று அரை மணி நேரம் அடுப்படியில் நிற்கவேண்டும் என்றால் என்ன லாபம்?

மறைந்திருக்கும் செலவு. முந்திரி விலை கண்ணுக்குத் தெரியும். கேஸ், ஃப்ரீசர் இடம், அடிப்பிடித்த கடாயைத் தேய்க்கும் நேரம், விலை திடீரென ஏறினால் என்ன செய்வது என்பதெல்லாம் தெரியாது.

யார் சாப்பிடப் போகிறார்கள்? தினமும் வீட்டு ஆட்களா, வாரக் கடைசியில் வரும் விருந்தாளிகளா என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடும்.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் ஒரு பார்வையில் இப்படி இருக்கும்:

| கிரேவி | முன்வேலை | அன்றைய வேலை | ஃப்ரிட்ஜில் | ஃப்ரீசரில் | எதற்கு நல்லது | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|---|---|---|
| வதக்கிய வெங்காயம் மட்டும் | ஒரு மணி நேரம் | 10–15 நிமிடம் | 5 நாள் | 2–3 மாதம் | கிட்டத்தட்ட எல்லாம் | கேஸ், பொறுமை |
| வெங்காயம்–தக்காளி | ஒன்றேகால் மணி | 8–10 நிமிடம் | 4 நாள் | 2 மாதம் | சென்னா, கடாய் பனீர், கோழி மசாலா | எல்லாம் ஒரே ருசி, தக்காளி விலை |
| வெள்ளை | 40 நிமிடம் | 8–10 நிமிடம் | 2–3 நாள் | ஒரு மாதம் | குருமா, மலாய் வகை | முந்திரி விலை, அடிப்பிடிப்பது |
| மக்கனி (சிவப்பு, வெண்ணெய்–தக்காளி) | ஒரு மணி நேரம் | 5–8 நிமிடம் | 4 நாள் | 2 மாதம் | பட்டர் சிக்கன், பனீர் பட்டர் மசாலா | இரண்டு மூன்று கறியோடு சரி |
| தேங்காய் பச்சையாக அரைத்தது | 10 நிமிடம் | 15 நிமிடம் | மறுநாள் வரை | வேண்டாம் | சால்னா, குருமா | வைக்க முடியாது |
| தேங்காய் வறுத்தரைத்தது | 30 நிமிடம் | 15 நிமிடம் | ஒரு வாரம் | ஒரு மாதம் | கடலைக்கறி, நாட்டுக்கோழி | கருகினால் எல்லாம் வீண் |

நாட்கணக்கு எல்லாம், ஆறியவுடன் சுத்தமான டப்பாவில் மூடி வைத்து, ஈரக் கரண்டி போடாமல் எடுத்தால்தான். மேலே எண்ணெய் நிற்கிறதே, கெடாது என்று அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த எதையும் அப்படி வெளியில் வைக்கக் கூடாது. செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

## வதக்கிய வெங்காயம் மட்டும்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன்.

இதில் தக்காளி கிடையாது, முந்திரி கிடையாது, மசாலாத் தூளும் கிடையாது. வெங்காயம், எண்ணெய், இஞ்சி, பூண்டு, உப்பு, அவ்வளவுதான். தக்காளி சேராததால் இது எந்தப் பக்கமும் திரும்பும். தக்காளியும் மல்லித்தூளும் போட்டால் சென்னா மசாலா. மிளகும் சோம்பும் போட்டால் செட்டிநாட்டுப் பக்கம். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் போட்டால் மலையாளக் கறி. முட்டை ரோஸ்ட் என்பது பெரும்பாலும் நன்றாக வதங்கிய வெங்காயம்தான். அதில் தக்காளி பேருக்குத்தான் இருக்கும். புளித்த தக்காளி கிரேவியை வைத்துக்கொண்டு நல்ல முட்டை ரோஸ்ட் செய்யவே முடியாது.

அளவு: பல்லாரி இரண்டு கிலோ, எண்ணெய் 250 மில்லி, இஞ்சி, பூண்டு தலா 75 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி. சின்ன வெங்காயம் ருசியில் இன்னும் ஒரு படி மேல்தான், ஆனால் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வீட்டில் ஆள் வேண்டும். கால் கிலோ மட்டும் கலந்துகொண்டால் போதும்.

வெங்காயத்தை ஒரே சீராக, மெல்லிசாக நறுக்க வேண்டும். தடிமன் மாறினால் மெல்லிசானது கருகும்போது தடித்தது இன்னும் வெள்ளையாக இருக்கும். அகலமான கடாயில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தையும் உப்பையும் போட்டுக் கிளறுங்கள். முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது முழுக்கப் போகிறவரை நிறம் மாறாது. இந்தக் கட்டத்தில் தீ பெரிதாகவே இருக்கலாம். கடாயில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் போய் எண்ணெய் பொரிகிற சத்தம் வரும். அப்போது தீயை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். அதற்கப்புறம்தான் வேலை. முதலில் கண்ணாடி மாதிரி தெரியும், பிறகு மஞ்சள், பிறகு ஓரமெல்லாம் சிவக்கும். அடியில் பழுப்பாக ஒட்டும். அதைக் கண்டு பயந்து எண்ணெயைச் சாய்க்காதீர்கள். ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் ஒட்டியது கரைந்து வெங்காயத்தோடு சேரும். ஹோட்டல் கறியின் நிறமும் ருசியும் பாதிக்கு மேல் அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை இப்படிச் சுரண்டினால் எல்லாம் ஒரே செம்பழுப்பாக வந்து நிற்கும். இஞ்சி பூண்டு விழுதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். முதலிலேயே போட்டால் அடிப்பிடித்துக் கசந்துவிடும்.

ஆறியதும் பாதியை அரையுங்கள், பாதியை அப்படியே விடுங்கள். முழுக்க அரைத்தால் கறி கஞ்சி மாதிரி வழவழவென்று நிற்கும், அரைக்காவிட்டால் கெட்டிப்படாது. நேரம் மிச்சம் பிடிக்கப் பச்சை வெங்காயத்தை மிக்ஸியில் அடித்து வதக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வருகிற லேசான கசப்பு என்ன மசாலா போட்டாலும் போகாது.

இரண்டு கிலோ வெங்காயம் கடைசியில் முக்கால் கிலோ அளவுக்கு வந்து நிற்கும். பார்த்தால் வயிறு எரியும். ஆனால் நான்கு பேருக்கு ஒரு கறிக்கு இதில் 150 கிராம் போதும், ஐந்து கறிக்கு ஆயிற்று. இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, குழிக்குக் குழி நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, இறுகியதும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கறிக்கு மூன்று அல்லது நான்கு. தண்ணீர் வற்றிய சரக்கு என்பதால் இடமும் கொஞ்சம்தான் அடைக்கும். ஒரு ராத்திரி கரண்ட் இல்லாமல் இளகினாலும் சில்லென்றே இருந்தால் மறுநாள் கொதிக்கவைத்துச் சமைத்துவிடலாம்.

குறை என்ன? ஒரு மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. கேஸும் அதற்கேற்ற மாதிரி போகும். சீரியல் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது. கறி வைக்கிற அன்றும் தக்காளியை வதக்கிக் கரையவிட ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

## வெங்காயம்–தக்காளி

ஹோட்டலில் பழுப்பு கிரேவி என்பது பெரும்பாலும் இதுதான். வெங்காயமும் தக்காளியும் சம எடை, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் சேர்ந்து எண்ணெய் பிரிகிறவரை வதங்கியது. எடுத்தவுடன் கறி தயார். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குச் சப்பாத்தியும் சென்னாவும் போட வேண்டியவர்களுக்கு இதைவிட வேகமானது கிடையாது.

ஆனால் இதில் எதைச் செய்தாலும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்கும். திங்கள் சென்னா, புதன் காளான், வெள்ளி கோழி, மூன்றுக்கும் ஒரே முகம். தூள்களை முன்கூட்டியே போட்டுவிட்டதால் வாசனையும் நாளாக ஆக மங்கும். இதைத்தான் செய்வேன் என்றால் கரம் மசாலாவை மட்டுமாவது உள்ளே போடாமல் கறி இறக்கும்போது போடுங்கள். சோம்பு, பட்டையை அப்போதைக்கப்போது தாளித்துக்கொள்ளுங்கள்.

தக்காளி விஷயத்தில் இன்னொன்று. நாட்டுத் தக்காளி நல்ல புளிப்பு. ஆப்பிள் தக்காளி என்று விற்கிற கெட்டித் தோல் ஹைப்ரிட் வகையில் புளிப்புக் குறைவு, சதை அதிகம். மொத்தமாகச் செய்யும்போது முழுக்க நாட்டுத் தக்காளியாகப் போட்டால் வற்ற வற்றப் புளிப்பும் கூடிக்கொண்டே போகும். பாதிப் பாதி நல்லது. விலையும் நம் கையில் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி எகிறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற வாரத்தில் மொத்தமாகச் செய்து வைத்தால் இந்தக் கிரேவி லாபம். மற்ற நாளில் மொத்தமாகச் செய்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

## வெள்ளை கிரேவி

அரைக் கிலோ வெங்காயம், நூறு கிராம் முந்திரி, இரண்டு மேசைக்கரண்டி தர்பூசணி விதைப் பருப்பு, நான்கு பச்சை மிளகாய். எல்லாவற்றையும் தண்ணீரில் கால் மணி நேரம் வேகவைத்து, ஆறவிட்டு, நைசாக அரைத்து, கொஞ்சம் நெய்யில் பத்து நிமிடம் கிளறினால் முடிந்தது. வெங்காயம் நிறம் மாறவே கூடாது. ஏலக்காயும் வெள்ளை மிளகும் இதற்குப் பொருத்தம். ஏலக்காய் நம் பக்கத்துச் சரக்கு என்பதால் தாராளமாகக் கை போகும். ஒரு லிட்டருக்கு நான்கைந்துக்கு மேல் போனால் கறி பாயசப் பக்கம் சாய்ந்துவிடும். எட்டு மில்லிமீட்டருக்கு மேலான பெரிய காய் இதற்குத் தேவையே இல்லை, சின்னக் காய் போதும்.

முந்திரி முழுசாக வாங்க வேண்டாம். அரைக்கப் போவதற்குத் துண்டு முந்திரியே போதும், விலையும் குறைவு. அப்படியும் இது செலவான கிரேவிதான். கிளறும்போது ஒரு நிமிடம் திரும்பினாலும் அடிப்பிடிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் திரிதிரியாக நிற்கும். வெதுவெதுப்பான பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் சரியாகும். தயிரோ கிரீமோ சேர்ப்பதாக இருந்தால் சமைக்கிற அன்றுதான்.

ஹோம்ஸ்டேக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். குருமாவில் முந்திரி அரைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. விருந்தாளி வந்த அன்றே கேட்டுவிடுவது நல்லது. வெள்ளைக்கும் மக்கனிக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்கு? மாதம் ஒரு தடவை குருமா செய்கிறவர்கள் இதை எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. நாற்பது நிமிட வேலைதானே, அன்றைக்கே செய்துவிடலாம்.

## மக்கனி

டில்லி தரியாகஞ்சில் மோத்தி மகால் ஹோட்டலோடு சேர்த்துப் பேசப்படுவது இந்த வெண்ணெய்த் தக்காளி வகை. பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று 2024-இல் டில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கே போனது. நமக்கு வழக்கு முக்கியமில்லை. தேக்கடிக்கு வருகிற வடநாட்டு விருந்தாளியின் குழந்தை ராத்திரி ஏழரை மணிக்குப் பனீர் பட்டர் மசாலாதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது இந்தக் கிரேவி கையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, முந்திரி 60 கிராம், காஷ்மீர் மிளகாய் ஆறு, இஞ்சி, பூண்டு கொஞ்சம், வெண்ணெய் 50 கிராம். எல்லாவற்றையும் மூடி இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, பச்சை வாசனை போகிறவரை கொதிக்கவிட வேண்டும். வடிகட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோலும் விதையும் உள்ளே இருந்தால் அது தக்காளித் தொக்குதான். கஸூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை), கிரீம், ஒரு சிட்டிகைச் சர்க்கரை எல்லாம் கறி இறக்குகிற நேரத்தில்.

ஃப்ரீசரில் நன்றாக நிற்கும், எடுத்தவுடன் ஐந்து நிமிடத்தில் கறி. ஆனால் இதை வைத்து வேறு என்ன செய்வீர்கள்? மீன் குழம்புக்கு ஆகாது, பரோட்டாவுக்கும் இழுக்காது, சோற்றோடு சாப்பிட வீட்டில் யாருக்கும் பிடிக்காது. வெண்ணெய், கிரீம், முந்திரி என்று பணமும் கொழுப்பும் சேர்ந்தே ஏறும். விருந்தாளி உள்ள வீட்டுக்கு இது தேவை. மற்ற வீட்டுக்குப் பிறந்தநாளன்று செய்தால் போதும்.

## தேங்காய்

இது இரண்டு தனித்தனிச் சங்கதி.

சால்னாவுக்குப் பச்சைத் தேங்காயோடு சோம்பு, பொட்டுக்கடலை, கசகசா, நாலைந்து முந்திரி சேர்த்து அரைப்பது. இதை எடுத்து வைக்கவே வேண்டாம். மறுநாளே வாசனை மாறத் தொடங்கும். உறையவைத்து எடுத்தால் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே நிற்கும். தேங்காய்ப்பாலும் அப்படியே. உடைத்த அன்றே தீர்க்க வேண்டியது. அரைக்கப் பத்து நிமிடம்தானே ஆகிறது.

வறுத்தரைத்தது வேறு. துருவிய தேங்காயைச் சின்ன வெங்காயம், மல்லி, மிளகாய், மிளகு, கறிவேப்பிலையோடு சிறு தீயில் இருபது நிமிடம் வறுத்து, தண்ணீர் விடாமல் அரைத்தால் அதன் எண்ணெயிலேயே விழுதாகிவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மூக்கைக் கடாய் மேலேயே வைத்திருங்கள். செம்பழுப்புக்கும் கருகலுக்கும் நடுவில் அரை நிமிடம்தான் இடைவெளி. தீயை அணைத்த பிறகும் கடாய்ச் சூட்டில் நிறம் ஏறும் என்பதால் ஒரு படி முன்னாலேயே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். புட்டுக்குக் கடலைக்கறி, ஆப்பத்துக்கு நாட்டுக்கோழி என்றால் மற்ற எந்தக் கிரேவியும் இதன் பக்கத்தில் நிற்காது. வதக்கிய வெங்காயத்தில் இரண்டு கட்டியும் இந்த விழுதில் இரண்டு கரண்டியும் சேர்ந்தால் கோட்டயம் பக்கத்து ஹோட்டல் கறி வீட்டிலேயே வந்துவிடும்.

விலைதான் யோசிக்க வைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. விலைக்கு வாங்குகிறவர்களுக்கு 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியபோது தேங்காயும் கூடவே ஏறியது.

## லண்டன் கிரேவியும் பாக்கெட்டும்

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் சொல்லி இதைக் கேட்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் கறி ஹோட்டல்களை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்துச் சில்ஹெட் பக்கத்தவர்கள். அங்கே மூட்டை வெங்காயத்தைக் கொஞ்சம் கேரட், குடமிளகாய், தக்காளி, இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு மணிக்கணக்கில் வேகவைத்து, நீர்க்க அரைத்து வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் எண்ணெயில் மசாலாத்தூளைப் பொரித்து, இதைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பெரிய தீயில் சுண்டவைப்பார்கள். அந்தப் பெரிய தீதான் அதன் உயிர். வீட்டு அடுப்பில் அது வராது. நீர்க்க இருப்பதால் ஒரு கறிக்கு 300 மில்லியாவது வேண்டும். ஃப்ரீசரில் தண்ணீரை உறையவைத்து இடத்தை அடைத்த மாதிரிதான். அந்த ஊர் டிக்கா மசாலா ருசிக்கு ஏங்குகிறவர்கள் தவிர வேறு யாருக்கும் இது வேண்டாம்.

பாக்கெட் கிரேவி வாங்குவது குற்றமில்லை. அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும். பின்பக்கத்துப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ளது முதலில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. பட்டர் மசாலா என்று போட்டுவிட்டு, தண்ணீருக்கும் தக்காளிக்கும் அடுத்தபடி சமையல் எண்ணெயும் சர்க்கரையும் வந்தால், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று புரிந்துவிடும். உப்பு தூக்கலாகவே இருக்கும். நீங்கள் தனியாக உப்புப் போட வேண்டாம்.

## யாருக்கு எது

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, தினம் சப்பாத்தி, குழந்தைக்கு வகை வேறுபாடு பெரிதில்லை என்றால் வெங்காயம்–தக்காளியே போதும். வேகம்தான் அங்கே முக்கியம்.

வீட்டில் மலையாளச் சமையலும் தமிழ்ச் சமையலும் கலந்து நடக்கிறது என்றால் வதக்கிய வெங்காயம், கூடவே சின்ன டப்பாவில் வறுத்தரைத்த தேங்காய். எல்லைப்பக்கத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஜோடிதான் சரி என்பது என் கணக்கு.

ஹோம்ஸ்டே என்றால் வதக்கிய வெங்காயமும் மக்கனியும். வெள்ளை கிரேவி தனியாக வேண்டாம். பனீர் பட்டர் மசாலாவுக்கு இன்னும் கொழகொழப்பு வேண்டும் என்றால் பத்து முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக் கலந்தால் ஆயிற்று. மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்கள் தங்குகிற இடமாக இருந்தால் ஒரு டப்பா கிரேவியைத் தனியாகவே பிரித்து வையுங்கள். கோழிக் கறிக்குப் போட்ட கரண்டி அதில் படக் கூடாது. விரதக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் சாப்பிடுவார்கள், கேட்பதும் நியாயம்தான்.

ஃப்ரீசர் நம்பகமில்லை, சின்ன ஃப்ரிட்ஜ்தான் என்றால் எதையும் லிட்டர் கணக்கில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயம் மட்டும் வதக்கி வைத்தால் வியாழன் வரை ஓடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஹோட்டல் ருசி கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது. கிரேவியை நேரே கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கரைக்காதீர்கள். கடாயில் இரண்டு கரண்டி எண்ணெய் காயவைத்து, தாளித்து, தீயைப் பெரிதாக்கி, கிரேவியைப் போட்டு ஓரமெல்லாம் எண்ணெய் விடுகிறவரை பொரியவிட்டு, அப்புறம்தான் வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பொரிந்தது அடங்கிப்போகும். உப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரிக்குப் பரோட்டா மட்டும்தான் என்றால் ஒரு கிரேவியும் செய்யாதீர்கள். பரோட்டாவைக் கடையில் வாங்கும்போது சால்னாவையும் தூக்குவாளியில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடலூர், கம்பம் பக்கம் பரோட்டாவோடு சால்னா சேர்ந்தே வந்துவிடும். செக்போஸ்ட் தாண்டி கேரளப் பக்கம் வாங்கினால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பரோட்டாவும் பீஃபும் வாங்கியவருக்கு இலவசமாகக் கிரேவி தரவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டு, தருவதாகச் சொல்லாத கடை தரவேண்டிய கட்டாயமில்லை என்று எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2025-இல் தள்ளுபடியே செய்திருக்கிறது.